அமராவதி கட்டின கத்தாழை

சாவி வர எப்படியும் நேரமாகும் கண்ணு. சென்னியப்பண்ணன் போன்ல "இதோ வந்துட்டேன்"னு சொன்னா இனிமேத்தான் குளிக்கவே போறாருன்னு அர்த்தம். கட்டடத்து ஓனருன்னா அப்படித்தான். நீ வெய்யில்ல நிக்காத, உள்ள வந்து அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காரு. நான் கொக்கி தெச்சுட்டே பேசறேன், தப்பா நெனச்சுக்காத. பொழுதோட ஒரு கல்யாணப் பொண்ணு ரவிக்கை வாங்க வருது. குடுக்காட்டி அவிய அம்மா என்னைய உண்டு இல்லன்னு பண்ணிப்போடும்.

தாரணியா? நல்ல பேரு. கேக் கடையா வெக்கப்போற? ஊட்லயே செஞ்சு குடுத்துட்டு இருந்தியாக்கும். வெய்யி, வெய்யி. இந்தத் தெருவுல அது ஒண்ணுதான் இல்ல. பொறந்த நாளுன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட வேண்டியிருக்குது.

ஏங் கண்ணு, எதுத்த கடையப் பத்தி உன்ற காதுல யாராச்சும் ஏதாச்சும் போட்டாங்களா? போட்டுருப்பாங்க. உன்ற மொகமே சொல்லுது. அங்க இருந்தவ கண்ணு கொள்ளிக்கண்ணு, அந்தக் கடையே ராசியில்ல, அதான் பூட்டிக் கெடக்குதுன்னு. அப்படித்தான சொன்னாங்க? அத்தனையும் பொய்யி. உனக்கு முன்னால கடை பாக்க வந்தவியகிட்டயும் நான் ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்து, ஆதியோடந்தமா நடந்தது நடந்தபடி சொன்னேன். ஒருத்தரும் திரும்ப வரல. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அந்த சட்டர எத்தன நாளைக்கு நான் பாத்துட்டே உக்காந்திருக்கறது? நீயாச்சும் கடைசி வரைக்கும் கேளு.

அமராவதின்னு பேரு. அங்க இட்லி மாவு அரைச்சு வித்துட்டு இருந்தா. தாராபுரத்துல இந்தப் பக்கத்துல பாதி ஊட்ல காலைல வெந்தது அவ மாவுதான். நான் தையக்கடை போட்ட நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் மத்தியானம் ஒட்டுக்காத்தான் சோறு உண்போம். அவ கொழம்பு, என்ற பொரியலு. ஆளில்லாத நேரத்துல அவ அங்க உக்காந்துட்டு, நான் இங்க உக்காந்துட்டு, தெருவுக்கு நடுவுல கத்தியே பழமை பேசுவோம். பஸ்சு வந்தா அது போற வரைக்கும் நிறுத்திப்போட்டு, உட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்போம். அவ ஊட்டுக்காரரு சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாரு. புள்ள குட்டி இல்ல. குண்டடத்துல அண்ணன் ஊடு, இங்க மாவுக்கடை, அப்புறம் நானு. அவளுக்கு அவ்வளவுதான் ஒலகம்.

நான் கடை தொறந்த அன்னைக்கு, அவ அண்ணன் காட்டு வரப்புல இருந்து ஒரு கத்தாழைய வேரோட பேத்துக் கொண்டாந்தா. மண்ண உதறி, மஞ்சத் தண்ணில கழுவி, குங்குமம் வெச்சு, ஸ்டூலு போட்டு ஏறி, வாசப்படிக்கு மேல தலைகீழாக் கட்டி உட்டா. வேரு மேல, மடலு கீழ. "எவ கண்ணு பட்டாலும் இது வாங்கிக்கும் நாகு, நீ பேசாம தெச்சுட்டு இரு"ன்னா. நாகமணின்னு என்ற பேர முழுசா அவ கூப்பிட்டதே இல்ல. உங்க வயசுப் புள்ளைங்க இதெல்லாம் நம்புவீங்களோ என்னமோ. மண்ணு கெடையாது, தண்ணி கெடையாது, அது பாட்டுக்குக் காத்தக் குடிச்சுட்டே பொழைக்கும். தொங்கற மடலு கொஞ்சங் கொஞ்சமா வளைஞ்சு மேல பாத்துத் திரும்பும். ஒரு வருஷம் பூவே உட்டுச்சு. அன்னைக்கு அமராவதி தெரு பூரா சக்கர குடுத்தா, என்னமோ ஊட்ல புள்ள பொறந்த மாதிரி.

முந்தின வருஷம் ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட என்ற பையன் சசி ஒத்தக் கால்ல நின்னு இந்த ஏசிய மாட்டினான். ரவிக்கை தெச்சா மட்டும் பத்தாதாம், நைட்டி, சுடிதாரு எல்லாம் வெக்கணுமாம், உள்ள குளுகுளுன்னு இருந்தாத்தான் வர்றவிய நின்னு பாப்பாங்களாம். உன்ற தலைக்கு மேல ஓடுதே, இதேதான். இதுக்கு வெளிய ஒரு டப்பா மாட்டணுமில்ல? பின்னால சந்து இல்லாததுனால முன்னாலயே, போர்டுக்குப் பக்கத்துல மாட்டிட்டுப் போயிட்டானுங்க. கடைக்கு ஒரு எடுப்பாத்தான் இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன். சசிக்கு அதுல ஒரு பந்தா. மழை பேஞ்சாலும் போடுவான், பனி பேஞ்சாலும் போடுவான்.

புரட்டாசில பாக்கறேன், செடிக்கு என்னமோ ஆயிருச்சு. சதையா இருந்த மடலு தகடாட்ட மெலிஞ்சு கெடக்குது. ஓரமெல்லாம் உள்ளாற சுருண்டு, நுனி காப்பிக் கலருக்குத் திரும்பிருச்சு. தொட்டா காகிதம் மாதிரி சரசரங்குது. தண்ணி தெளிச்சேன். மோரு தெளின்னாங்க, தெளிச்சேன், ஈ வந்து ஒக்காந்ததுதான் மிச்சம். வேப்பெண்ணெய் தடவுன்னாங்க, ஸ்டூலுல ஏறப் பயமா இருந்துச்சு, ஒரு குச்சில துணியச் சுத்திக் கீழ இருந்தே தடவினேன். மடலு பளபளன்னு ஆச்சே தவிர உள்ளுக்குள்ள காஞ்சுட்டேதான் போச்சு. சாம்பிராணி போட்டேன், படிகாரம் கட்டினேன். கையும் ஓடல, காலும் ஓடல கண்ணு. தீபாவளி வருது, புதுசா அத்தன சரக்கு எறக்கி வெச்சுருக்கறேன், வாசல்ல கத்தாழை காஞ்சு தொங்குது. ராத்திரி கண்ண மூடினா அதுதான் வந்து நிக்கும்.

அப்பத்தான் கோகிலா வந்தா. பக்கத்துல வளையலு, பொட்டு விக்கற ஃபேன்சி ஸ்டோர் அவளுதுதான். அண்ணாந்து பாத்துப்போட்டு, "என்னக்கா, செடி இப்படி ஆயிருச்சு?"ன்னா. "கண்ணு பட்டுருச்சாட்ட இருக்குது"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. "யாரு கண்ணுக்கா?"ன்னு கேட்டா. நான் வாயே தொறக்கல. சாமி சத்தியமா ஒரு பேரு சொல்லல. சும்மா தலையத் தூக்கினேன். இங்க உக்காந்து தலையத் தூக்கினா எதுத்த கடைதான தெரியும்? நான் பாக்கறேன்னு கோகிலாவும் திரும்பிப் பாத்தா. அமராவதி அங்க உக்காந்துட்டு எங்களையே பாத்துட்டு இருந்தா. நான் பாத்தது ஒரு தப்பா? எதுக்க இருக்கறத மனுசி பாக்காம இருக்க முடியுமா, நீயே சொல்லு.

அந்த வருஷம் அமராவதிக்குக் கண்ணு ரெண்டும் கொஞ்சம் வெளிய தள்ளின மாதிரி ஆயிருந்துச்சு. இமைக்காமயே பாக்கற மாதிரி இருக்கும். "என்னடி முட்டக்கண்ணி"ன்னு நானே கேலி பண்ணுவேன், அவளும் சிரிப்பா. ஒடம்பும் எளைச்சுட்டே போச்சு. ரவிக்கை தொளதொளங்குதுன்னு புடிச்சுக் குடுக்கச் சொல்லிக் கொண்டாருவா, புடிச்சுக் குடுப்பேன். கொஞ்ச நாள்ல மறுபடியும் கொண்டாருவா, மறுபடியும் புடிப்பேன். "நான் இங்க பெருத்துட்டே போறேன், அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுடி"ன்னேன். நெஞ்சு படபடங்குது நாகு, கை நடுங்குதுன்னு சொல்லிட்டு இருந்தா. நாளு பூரா கிரைண்டரோட மாரடிச்சா கை நடுங்காம என்ன பண்ணும்? எனக்கு அப்பச் செடியப் பத்தித்தான் ரோசனை. எந்த மடலு எவ்வளவு சுருண்டுருக்குதுன்னு கண்ண மூடிட்டே சொல்லுவேன், அப்படிப் பாத்துட்டு இருந்தேன்.

கார்த்திகைல ஒரு நாள் அமராவதி தெருவத் தாண்டி வந்தா. நேரா உள்ள வரல. வாசல்ல நின்னு செடிய அண்ணாந்து பாத்துட்டே நின்னா. அந்தக் கண்ண வெச்சுட்டு, இமைக்காம. கோகிலாவும் அப்ப இங்கதான் இருந்தா, என்ற கைய இடிச்சா. அவ பாத்துட்டு இருக்கறப்பவே நான் உப்பும் மொளகாயும் எடுத்துக் கடையச் சுத்திப்போட்டேன். அது வெள்ளிக்கெழமை, நான் எல்லா வெள்ளிக்கெழமையும் சுத்தறதுதான். வேணும்னு பண்ணினது இல்ல. சித்தெ நேரங் கழிச்சு நிமுந்து பாத்தா அவ அங்க இல்ல. வந்தவ என்னத்துக்கு வந்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?

அதுக்கப்புறம் மத்தியானச் சோத்துக்கு அவ வரல. எனக்கும் தீபாவளி முடிஞ்சு பொங்கல் வேலை, நானும் கூப்பிடல.

மார்கழில இந்த மாவுப் பழமை கெளம்புச்சு. கோகிலா ஊட்ல மாவு பொங்கல, இட்லி கல்லாட்ட இருந்துச்சாம். மார்கழிக் குளுருக்கு மாவு பொங்காதுன்னு எந்தப் பொம்பளைக்குத் தெரியாது கண்ணு? வருஷா வருஷம் மாவு ஏனத்துக்குப் போர்வை சுத்தி வெக்கறவியதான் எல்லாரும். அந்த வருஷம் மட்டும் ஒருத்திக்கும் அது ஞாபகம் வரல. மண்ணு தண்ணி இல்லாம பொழைக்கற கத்தாழையவே கருக்கின கண்ணு, அது பாத்துப் பாத்து வழிச்சுக் குடுக்கற மாவு புள்ளைங்க வயித்துக்குள்ள போறதான்னு தெருவுல பேச்சாயிருச்சு. ஒவ்வொருத்தரா பாக்கெட் மாவு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. மாவு வாங்கத் தூக்குப்போசியத் தூக்கிட்டு அவ கடை வாசல் வரைக்கும் வந்தவிய அவ மொகத்தப் பாத்ததும் சாமான் வாங்கப் போற மாதிரி அக்கட்ட திரும்பிப் போனாங்க. நான் மட்டும் கடைசி வரைக்கும் அவகிட்டத்தான் வாங்கினேன். சசியத்தான் அனுப்புவேன். அவன் வாங்கியாந்து குடுப்பான். ஊத்தி இட்லி பண்ணினமா இல்லியாங்கறது வேற விசயம், வாங்கினமா இல்லியா?

தை பொறந்ததும் அவ அண்ணன் டெம்போ கொண்டாந்து கிரைண்டர ஏத்தினாரு. அவ சாவியக் குடுத்துட்டு வண்டில ஏறறப்ப இங்க ஒரு பார்வை பாப்பாள்னு நான் இதே எடத்துல ஊசியும் கையுமா உக்காந்திருந்தேன். பாக்கல கண்ணு. தலையக் குனிஞ்சுட்டே ஏறிப் போயிட்டா. எனக்குக் கோவங்கூட வந்துச்சு. இத்தன வருஷம் ஒட்டுக்காச் சோறு உண்டவ, போயிட்டு வர்றேன்னு சொன்னா வாயா தேஞ்சு போகும்? அன்னைக்குப் பூராத் தெச்ச ரவிக்கை அத்தனையும் கோணல்.

டெம்போ போன மறுநாளே கோகிலா வந்து, "அக்கா, கண்ணு தொலைஞ்சுது, அந்தக் காஞ்ச செடியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு கட்டுங்க"ன்னா. சரின்னு அப்பத்தான் மொத மொறையா நானே ஸ்டூலுல ஏறினேன். சசி புடிச்சுட்டான். ஏறி முடிச்சக் கழட்டறதுக்கு மூஞ்சியக் கொண்டு போனேன் பாரு, அடுப்பு வாயத் தொறந்தாப்புல ஒரு அனலு வந்து என்ற கன்னத்துல அடிச்சுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்னன்னு பாத்தா ஏசி டப்பா. அந்தக் காத்தாடி நேரா செடி மேலயே சுடச்சுட ஊதிட்டு இருக்குது. நாலஞ்சு மாசமா ஊதியிருக்குது. காத்தக் குடிச்சுப் பொழைக்கற செடி கண்ணு அது. அந்தக் காத்துலயே அனல ஊதினா அது எங்க போகும்? எறங்கி வந்து இந்தப் படில உக்காந்துட்டேன். எதுத்தாப்புல சட்டரு மூடிக் கெடந்துச்சு.

செடிய மட்டுமாச்சும் பொழைக்க வெக்கணும்னு ஒரு வெறி வந்துருச்சு எனக்கு. மடலப் பூரா ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். வெளி மடலெல்லாம் போச்சு. நடுவுல குருத்து மட்டும் பச்சையா, அமுக்கினா கெட்டியா இருந்துச்சு. சசி செல்லுல பாத்துச் சொல்லச் சொல்ல, காஞ்ச மடல அடியோட பிச்சு எடுத்தேன். காஞ்ச வேரத் தையக் கத்தரிலயே வெட்டினேன். வெட்டின வாயி காயறதுக்கு நெழல்ல சும்மா போட்டு வெச்சு, அப்புறம் மணலு நெறையக் கலந்து, அடில ஓட்டை இருக்கற தொட்டில ஊனினேன். ஊனின ஒடனே தண்ணி ஊத்தக் கூடாதாம். அதான் பெரும்பாடு. ஊத்தினா அழுகிப் போகுமாம், ஊத்தாம உட்டாக் காஞ்சுருமோன்னு எனக்குப் பயம். சொம்பக் கைல எடுக்கறதும் வெக்கறதுமா இருந்தேன். உள்ள அந்த ஜன்னலோரத்துல, இளவெய்யில் படற எடத்துல வெச்சுட்டுக் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். எதையும் பண்ணாம பாத்துட்டே இருக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. மண்ணு காஞ்சப்புறம் கொஞ்சூண்டு தண்ணி, மறுபடியும் காய உட்டுட்டுக் கொஞ்சூண்டு. மாசி கடைசில குருத்து நிமுந்துச்சு. சுருண்டு கெடந்த மடலு விரிஞ்சு, தண்ணி கோத்து, தொட்டா மறுபடியும் சதையா இருந்துச்சு. நான் அழுதுட்டேன்.

கோகிலாவக் கூப்பிட்டுக் காமிச்சேன். "பாரு கோகிலா, கண்ணுமில்ல மண்ணுமில்ல, எல்லாம் இந்த டப்பாக் காத்து. எடத்த மாத்தினேன், பொழச்சுக்குச்சு. பாவம் அமராவதி"ன்னேன். அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. "ஏனுங்கக்கா, அந்த டப்பா அன்னைக்கும் ஓடுச்சு, இன்னைக்கும் ஓடுது. அவ இருந்த வரைக்கும் காஞ்ச செடி, அவ அக்கட்ட போனதும் துளிரு உடுது. இன்னும் என்னத்தப் பாக்கோணும்?"ன்னா. "அட, நான்தான் செடிய உள்ள தூக்கிட்டு வந்துட்டேனே"ன்னேன். "அதுவும் அவ போனப்புறந்தான தோணுச்சு உங்களுக்கு? இருக்கறப்பத் தோணுச்சா? அவ கண்ணு உங்க கண்ண மறைச்சுருந்துச்சுக்கா"ன்னா.

வர்றவிய போறவியகிட்டயெல்லாம் சொன்னேன். அளவு குடுக்க வர்ற பொம்பளைங்கள டேப்போட நிறுத்தி வெச்சுட்டே சொன்னேன். டப்பாவக் காமிச்சேன், கையக் கொண்டு போயி வெச்சுப் பாருங்கன்னேன். வெச்சுப் பாத்தாங்க, ஆமா சுடுதுன்னாங்க. சுடுதுன்னுட்டு உள்ள வந்து செடிய ஒரு கும்புடு போட்டுட்டுப் போனாங்க. நான் எவ்வளவுக்கு எச்சாச் சொன்னனோ அவ்வளவுக்கு எச்சா அவளப் பத்தின பேச்சு ஊருக்குள்ள சுத்துச்சு. சொல்லாம இருந்தாப் பாவம், சொன்னா அதவிடப் பாவம்னு ஆயிப்போச்சு.

சரி, ஊரு கெடக்குது, அவகிட்டயாச்சும் சொல்லிப்போடலாம்னு பங்குனில குண்டடத்துக்குப் போனேன். செடி குட்டி போட்டுருந்துச்சு, பக்கத்துல குட்டிக் குட்டியாக் கன்னு. அதுல ஒண்ண வேரோட பிரிச்சு ஒரு சின்னத் தொட்டில வெச்சு எடுத்துட்டுப் போனேன். அவ சந்தோசப்படுவாள்னுதான்.

அண்ணன் ஊட்டு முன்பக்க ஆசாரத்துல உக்காந்திருந்தா. நான் போனதும் எந்திரிச்சுப் போயி சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடுக்கறப்ப என்ற மூஞ்சியப் பாக்கல. என்ற காலையே பாத்துட்டு இருந்தா. ஒடம்பு தேறித்தான் இருந்துச்சு. கோயமுத்தூருல பாத்தாங்களாம், தைராய்டாம், கண்ணு தள்ளினது, கை நடுங்கினது எல்லாம் அதனாலதானாம், ரொம்ப நாளாவே இருந்துருக்கும்னு டாக்டரு வஞ்சாராம், மாத்தரை தின்னுட்டு இருக்கறா. அது இப்ப யாருக்குத்தான் இல்ல. நான் உக்காந்த ஒடனே மூச்சு உடாம சொல்லிட்டேன். டப்பா, அனலு, ஸ்டூலு, எல்லாத்தையும். அவ கேட்டுட்டே இருந்துட்டு, "தெரியும் நாகு"ன்னா.

"என்ன தெரியும்?"

"கார்த்திகைல அந்தச் செடிக்கு அடில நின்னப்ப டப்பாக் காத்து என்ற நெத்தில சுட்டுச்சு. சொல்லலாம்னுதான் உள்ள வரப் பாத்தேன்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"நீ மொளகா சுத்திட்டு இருந்த."

நான் வெள்ளிக்கெழமைன்னு சொன்னேன். ஆமா, வெள்ளிக்கெழமைன்னு அவளும் சொன்னா.

அப்பப் பாத்து அவ அண்ணன் மருமக கொழந்தையத் தூக்கிட்டு அங்க வந்துச்சு. பொறந்து கொஞ்ச நாள்தான் ஆகுதாட்ட இருக்குது. அமராவதி டக்குனு எந்திரிச்சுச் செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. யாரும் அவளத் திரும்பச் சொல்லல. யாரும் வேண்டாம்னும் சொல்லல. அந்தப் புள்ள பாட்டுக்குக் கொழந்தைய எடுத்துட்டு உள்ள போனப்புறம், மறுபடியும் வந்து உக்காந்தா. தெனைக்கும் நடக்கறதாட்ட இருந்துச்சு.

"அமராவதி, பைத்தியமா உனக்கு? அதான் டப்பாக் காத்துன்னு உனக்கே தெரியுதில்ல"ன்னேன்.

"செடிக்கு டப்பாக் காத்து. மாவுக்கு என்ன காத்து நாகு?"ன்னு கேட்டா.

"பனி. மார்கழிப் பனி"ன்னேன்.

"எத்தன மார்கழிக்கு நான் அரைச்சுருக்கேன். ஒரு நாளு பொங்காம போயிருக்குதா?"

ஒடம்புக்கு முடியாம இருந்தியே, பதம் தவறியிருக்கும், உப்பு மறந்துருப்பன்னு என்னென்னமோ சொன்னேன். அவ தலைய ஆட்டிட்டே கேட்டா. அப்புறம் அந்தக் கன்ன எடுத்து அவ முன்னால வெச்சேன். நீ கட்டின செடியோட கன்னு, பொழச்சுருச்சு, பாருன்னேன். அவ முந்தானைய இழுத்துக் கண்ண மூடிக்கிட்டா. "அத அக்கட்ட எடுத்துட்டுப் போயிரு நாகு. பொழச்சது பொழச்சதாவே இருக்கட்டும்"ன்னா. நான் கெஞ்சிப் பாத்தேன். துணிய எடுக்கவே இல்ல. நான் பஸ்சுக்குக் கெளம்பற வரைக்கும் அப்படியேதான் உக்காந்திருந்தா.

அவ்வளவுதான் கண்ணு நடந்தது. இதுல கடைக்கு என்ன தோசம், சொல்லு. நல்ல கடை. மேக்கால வெய்யிலு உள்ள வராது. உன்ற கேக்கெல்லாம் உருகாம இருக்கும். நீ ஒண்ணுக்கும் பயப்படாம எடு. அதா, சென்னியப்பண்ணன் வண்டி சத்தம் கேக்குது.

என்ன கேட்ட? சத்தமாக் கேளு, ஏன் தயங்கற?

இதுல ஒரு கன்னா? உன்ற கடை வாசல்ல கட்டறதுக்கா?

ம். தர்றேன் இரு, தரமாட்டேன்னு எப்படிச் சொல்றது. நல்ல புள்ள, நல்லாத்தான இருக்கோணும் நீயும். கோகிலா கடைல தொங்குது பாரு, அது இதுல எடுத்ததுதான். அக்கட்ட மருந்துக்கடைல தொங்கறதும் இதுதான், செருப்புக்கடைலயும் இதுதான். கொள்ளிக்கண்ணையே தாங்கிப் பொழச்ச செடி, பெரிய சக்தியுள்ளதுன்னு சொல்லித்தான் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க. இப்ப அவ கடைக்கே நீ கொண்டு போயிக் கட்டப்போற.

இந்தா, பாத்துப் புடி, வேரு ஒடைஞ்சுரும். யாராச்சும் கேட்டா அமராவதி கட்டின செடில எடுத்த கன்னுன்னு சொல்லு. செடிய வாட்டினது அந்த டப்பாக் காத்து, அவ கண்ணு இல்லன்னு சொல்லு. சொல்லுவியா கண்ணு? தலைய ஆட்டற. எல்லாருந்தான் ஆட்டிட்டு வாங்கிட்டுப் போனாங்க.